இடக்கைக்குக் கட்டின கம்பி

ஒக்டோபர் 19, திங்கள்

விடிய மழை. பத்து மணிக்கு விட்டது. கந்தோர் மேசைக்குப் போகாமல் நேரே வெள்ளவத்தைக் கால்வாய்க் கரை, நான் பிளான் கீறின பூங்காவுக்கு. செருப்பு முழுக்கச் சேறு.

நடைபாதை வட்டம் முடிந்தது. பாக்கி: அம்புக்குறிப் பலகைகள், உடற்பயிற்சிச் சாமான்களுக்குப் பெயின்ட், மருத மரத்தடியில் இருக்க இன்னொரு வாங்கு.

உள் ஓரத்துக் கைப்பிடிக் கம்பியை இடக்கையால் பிடித்து ஒரு சுற்று நடந்து பார்த்தேன். வழுக்கவில்லை. நிம்மதி.

வயதானவர்களுக்கு என்று சொல்லித்தான் பிளானில் அந்தக் கம்பியைக் கீறினேன். பொய். என் மனுசனுக்கு. பாரிசவாதத்தில் வலக்கையும் வலக்காலும் விழுந்த பிறகு அவர் ஃபிளாட்டை விட்டு இறங்கியதே இல்லை. "நடக்காட்டி கால் இறுகிப் போகும், பிறகு என்னட்டை வராதேங்கோ" என்று டொக்டர் ஏசினார். காலி வீதியில் எதைப் பிடித்து நடப்பது? இடித்துத் தள்ளிவிடுவார்கள்.

வெளிப்பக்கம் சதுப்பு, கம்பி நிற்காது. அதனால் பிளானில் அம்பு எல்லாம் இடப்பக்கச் சுற்றாகப் போட்டேன். எங்கே திரும்பினாலும் கம்பி அவருடைய நல்ல கைக்கு.

ஒக்டோபர் 22, வியாழன்

நாசமாய்ப் போச்சு.

வட்டத்துக்கு நடுவில் நிற்பது அரச மரம். பிளானில் 'நிழல் மரம்' என்று எழுதிவைத்தேன். இந்த மூன்று நாளில் யாரோ அதன் கீழே புத்தர் சிலையும் விளக்கும் வைத்துவிட்டார்கள். பலகை நடும்போது பூத்தட்டோடு ஒரு சிங்கள அம்மா வந்தார். "மிஸ், மே பெத்தட யன்ன பே நே." இந்தப் பக்கமாகப் போகக் கூடாதாம். மரத்தை வலமாகத்தான் சுற்ற வேண்டும்.

எனக்குத் தெரியாததா? வெள்ளிக்கு வெள்ளி கோயிலை வலம் வருகிறவள். கம்பி, கம்பி என்று மரத்தை மறந்துபோனேன். மடைச்சி.

போனில் எஞ்சினியர்: "அம்பைத் திருப்பி நடுங்கோ மிஸ், சும்மா பிரச்சினை வேண்டாம்." கம்பியை எப்படித் திருப்புவது? கொங்கிரீட் இறுகிவிட்டது. இனி அது வலக்கைப் பக்கம். தொங்குகிற கை.

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஒக்டோபர் 27, செவ்வாய். பௌர்ணமி, போயா விடுமுறை

வெயில். அம்பு திருப்பியாயிற்று. வெள்ளை உடுப்போடு சனம் சனமாகச் சுற்றுகிறது. ஒருத்தி பிள்ளையிடம் சொல்கிறாள், "என்ன வடிவான இடம், பாரன்." கீறினவள் பக்கத்தில் நிற்பது அவளுக்குத் தெரியாது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எல்லாருக்கும் இரண்டு கால்.

பின்னேரம் அவரைக் கேட்டேன்.

"ஒருக்கா வந்து பாருங்கோவன்."

"சனம் பார்க்க இழுத்து இழுத்து நடக்கவோ? உமக்கு விசர்."

டீவி சத்தத்தைக் கூட்டினார். பால் வாங்க மறந்துவிட்டேன்.

ஒக்டோபர் 29, வியாழன்

இருட்டோடு எழுப்பி, கெஞ்சி, மன்றாடி, த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு போனேன். தூறல். ஒருவரும் இல்லை. அப்பாடா என்று இருந்தது.

"அம்பைப் பாராதேங்கோ. மற்றப் பக்கமாய் நடவுங்கோ. கம்பி இடக்கைக்கு வரும். ஆர் பார்க்கப் போயினம்?"

மரத்தைப் பார்த்தார். "சாமி மரத்தை இடமாச் சுத்தச் சொல்லுறீரோ? இருக்கிற காலும் போகட்டும் எண்டோ?"

"போனால் போகட்டும்! வீட்டுக்க கிடந்து அழுகத்தானே போறியள்!"

கத்திவிட்டேன். வெளியில், அவர் முகத்துக்கு நேரே. த்ரீவீல்காரன் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

நான் பிடிக்கப் போக, அவர் என் கையைத் தட்டிவிட்டார். கம்பிக்கு முன்னால் போய் நின்று, மரத்தைப் பார்த்தபடி இடக்கையால் பிடித்தார். பக்கவாட்டில் நகர்ந்தார். இடக்கால் ஒரு அடி, பிறகு வலக்காலை தேய்த்து இழுப்பு. நண்டு மாதிரி. வலமாகத்தான்.

முதல் வாங்கு வரைக்கும் போக எவ்வளவு நேரம்! வாயில் எச்சில், சேர்ட் நனைந்துவிட்டது. இருந்தார். நான் பக்கத்தில் இருக்க, தள்ளி இருந்தார்.

வீட்டடியில் இறங்கும்போது த்ரீவீல்காரனிடம், "தம்பி, நாளைக்கும் இதே நேரம் வாரும்." பிறகு என்னைப் பாராமலே:

"நீர் வரவேண்டாம்."