கறுப்புப் பைக்குள் இரண்டு கைகள்

மே 12, செவ்வாய்.

மதியம் ஃபிலிம் கழுவ உட்கார்ந்தேன். வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் முழங்கை வரை இரண்டு கையையும் விட்டிருந்தேன். முத்தியால்பேட்டைப் புழுக்கத்தில் விரல்கள் வியர்த்து, ஃபிலிம் பிளாஸ்டிக் சுருளில் ஏறாமல் ஒட்டிக்கொண்டது.

செல்வி வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"கை உள்ள மாட்டிக்கினு இருக்குது. இப்ப எழுந்து போவமாட்டீங்க. அதான் சொல்றேன். மார்ல கட்டி இருக்குதுங்க. சதை எடுத்து டெஸ்ட் பண்ணாங்க. கேன்சர்தான்னு சொல்லிட்டாங்க."

"யாரு கூடப் போன?"

"தனியாத்தான். மூணு வாட்டி."

இருபது வருடக் குடித்தனத்தில், அவள் எதைப் பேச ஆரம்பித்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவன் நான். அந்த மூன்றில் ஒரு நாளாவது இதே ஃபிலிமோடு கடற்கரையில் சுற்றியிருப்பேன்.

அவள் அழவில்லை. பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை வெளியே இழுத்திருக்கலாம். வெளிச்சம் பட்டு முப்பத்தாறு படங்கள் போயிருக்கும், அவ்வளவுதான். நான் இழுக்கவில்லை. "ஒரு நிமிஷம்" என்றேன். சுருளை வெளிச்சம் புகாத டப்பாவில் போட்டு, மூடியைத் திருகி, இறுகியிருக்கிறதா என்று இன்னொரு தரம் தடவிப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தேன்.

அதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள்.

படங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன. ஒன்றில்கூட வெளிச்சம் புகவில்லை. குளியலறைக் கொடியில் காயப் போட்டிருந்தேன். இப்போது போய்ப் பார்த்தேன். படுக்கப் போகுமுன் முகம் கழுவியவள், தண்ணீர் தெறிக்காதபடி ஃபிலிமை ஓரமாக நகர்த்தி வைத்திருக்கிறாள்.