வாத்து வண்டியில் மலையிடுக்குக்குப் போன கதை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே அம்மா நடமாடிக்கொண்டிருக்கிறாள், நான் நொண்டிக்கொண்டிருக்கிறேன், என் இரண்டு கால் கட்டைவிரல் நகங்களைத் தவிர வீட்டில் எல்லாமும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் பேனாவைத் திறக்கிறேன். போன வாரம் எனக்கு நேர்ந்த ஒரு மானக்கேட்டை அம்மா போனில் முந்திக்கொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். மலையில் நடக்கப் பழக வேண்டும் என்று புது ஷூவை மாட்டிக்கொண்டு, முதுகுப் பையில் உன் பழைய கல்லூரிப் புத்தகங்களை அடைத்துக்கொண்டு, நம் கட்டடத்து மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டு வங்கிக்காரர் கதவிடுக்கில் பார்த்தபடியே இருந்தவர், ஒரு தடவை கீழே வந்தபோது என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, உட்காரவைத்து, டீயும் கொடுத்து, குரலைத் தாழ்த்தி, "வீட்ல சண்டையா சார்? போக இடம் இருக்கா? கூச்சப்படாம சொல்லுங்க, நம்ம முன்னறையில ஒரு கட்டில் சும்மாத்தான் கிடக்கு" என்றார். இல்லை சார், பயிற்சி என்றேன். "முதல்ல அப்படித்தான் சொல்லுவோம்" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து நான் அவரை நினைத்துத்தான் கவலைப்படுகிறேன்.

இந்த நடை எதற்கு என்று கேட்பாய். அம்மா உன்னிடம் பாதியைச் சொல்லியிருப்பாள், மீதியை நான் சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி. அவளுக்கு வயிற்றில் ஒரு கட்டி இருக்கிறது, அடுத்த மாதத் தொடக்கத்தில் ஆபரேஷன். டாக்டரம்மா நல்ல மாதிரி, சிரித்த முகம், ஆனால் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும் என்றுவிட்டார். அதுவரைக்கும் நடக்கலாமா என்று அம்மா கேட்டாள். தாராளமாக நடங்கள், பாரம் மட்டும் தூக்காதீர்கள் என்றார். மொட்டைமாடியில் நடப்பதைத்தான் கேட்கிறாள் என்று அவரும் நினைத்திருப்பார், நானும் நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஏங்க, கத்தி வெக்கிறதுக்கு முன்னாடி மலையிடுக்கை ஒரு தடவை நடந்துடணும்" என்றாள். பஸ் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் எத்தனை வருஷம் இடுக்குக்கு டிக்கெட் கிழித்தாள் என்பது உனக்குத் தெரியும், ஒரு நாளும் தான் போனதில்லை என்பதும் தெரியும். காலையில் தொப்பியும் தடியுமாக வந்து டிக்கெட் வாங்குகிறவர்கள் சாயங்காலம் அந்த முனையிலிருந்து திரும்பி வரும்போது அவர்கள் முகமே வேறு மாதிரி இருக்குமாம். "அது என்ன மாதிரின்னு நானும் பார்க்கணும், அந்தப் பக்கம் நடந்து வெளிய வரணும், அவ்ளோதான்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்ட பொருட்களில் பாதி தையல் ஊசி, மீதி மௌனம். இது ஒன்றையாவது பிசகில்லாமல் செய்து கொடுத்துவிட வேண்டும் என்று அந்த வாசலிலேயே முடிவு செய்தேன்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இடுக்கின் மேல் முனையில் இறங்கி ஆற்றை ஒட்டி நாள் முழுக்க நடந்தால்தான் கீழ் முனையில் வெளியே வரலாம், வந்த வழியே யாரும் திரும்பி நடப்பதில்லை. சாலையோ மலையை ஒரு பெரிய சுற்றுச் சுற்றிக்கொண்டு போகிறது. ஆகவே மேலே நம்மை இறக்கிவிட்ட வண்டி, நாம் நடக்கிற நேரத்தில் சுற்றிக்கொண்டு போய்க் கீழே காத்திருக்க வேண்டும். முன்பு அப்படிச் சுற்றி வந்துகொண்டிருந்த பஸ்ஸை அம்மா ஓய்வு பெற்ற பிறகு நிறுத்திவிட்டார்கள், தன்னால்தான் அது ஓடிக்கொண்டிருந்தது என்பது அவள் கட்சி. தனி வண்டி பேசும் பொறுப்பை நான் மார்தட்டி ஏற்றுக்கொண்டேன். கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து நாளெல்லாம் லென்ஸ் தேய்க்கிறவனுக்கு ஒரு வண்டி பேசத் தெரியாதா என்ன. தெரியவில்லை கண்ணு. ஸ்டாண்டில் ஒருவர், நாள் முழுக்க மலையடியில் சும்மா நின்றால் தனக்குத் தலைசுற்றும் என்றார். இன்னொருவர் காட்டியது ஒரு பழைய ஆம்புலன்ஸ், "ரெண்டு பேரும் காலை நீட்டிப் படுத்துக்கிட்டே போகலாம் சார்" என்று அதன் பெருமையைச் சொன்னார். வீட்டில் வந்து சொன்னதற்கு அம்மா, "படுத்துக்கிட்டுப் போற பயணம் அடுத்த மாசம் இருக்கு, இதுக்கு உட்கார்ந்தே போவோம்" என்றுவிட்டாள்.

கடைசியில் கிடைத்தது நர்சரிப் பள்ளி வேன். மஞ்சள் நிறம், இரண்டு பக்கமும் வரிசையாக வாத்துப் படம். அதன் டிரைவர் நம் கடையில் கண்ணாடி போட்டவர், மலை மாதிரி உடம்பு, கதவு மாதிரி மீசை, பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் வாத்து மாமா. ஞாயிற்றுக்கிழமை வண்டி சும்மா நிற்கிறது, வருகிறேன் என்றார். சுற்றிக்கொண்டு கீழே வர வேண்டும் என்று விளக்கினேன், தலையாட்டினார். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டார், "இறங்குற இடத்துல உங்களை யார் சார் வாங்கிக்குவாங்க?" என்று. வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்து, எங்களை நாங்களே வாங்கிக்கொள்வோம் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், என் மூளைக்குத்தான் எதுவும் ஊறப்போட்டால்தானே உறைக்கும்.

வேனுக்குள் சீட் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். என் முழங்கால் இரண்டும் காதைத் தொட்டுக்கொண்டிருந்தன, அம்மா மட்டும் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். இன்ஜினை முடுக்கினால் எண்களைச் சொல்லித்தரும் பாட்டு ஒன்று தானாகப் பாடத் தொடங்கும், அதை நிறுத்தினால் ஹெட்லைட்டும் சேர்ந்து நின்றுவிடும் என்றார், வழியில் சுரங்கப்பாதை வேறு இருந்ததால் கடைசிவரை எண்ணிக்கொண்டே போனோம். பெல்ட்டை அவரே வந்து மாட்டிவிட்டார். கையை வெளியே நீட்டக் கூடாது என்றார். பாதி வழியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்து, "யாருக்காச்சும் வருதா?" என்றார். நான் என்னையறியாமல் ஒரு விரலைத் தூக்கிவிட்டேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அவள் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மேல் முனையில் இறங்கினோம். காலைப் பனி, ஒரு இரும்பு கேட், அதை ஒட்டி ஓர் ஆடு, வேறு ஆளே இல்லை. அம்மா கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவள் மாதிரி விறுவிறுவென்று முன்னால் போனாள். முதல் வளைவில் திரும்பிப் பார்க்கிறேன், வாத்து மாமா பின்னால் வருகிறார். வழியனுப்ப வருகிறார், நல்ல மனுஷன் என்று நினைத்தேன். இரண்டாவது வளைவில் என் முதுகுப் பையை வாங்கிக்கொண்டார். பை போன சந்தோஷத்தில் எனக்குக் கேள்வியும் போய்விட்டது. இரண்டு பக்கமும் பாறை நெட்டுக்குத்தாக நிற்கிறது, மேலே வானம் ஒரு நாடா அகலத்துக்குத்தான் தெரிகிறது, கீழே ஆறு போடும் சத்தத்தில் எதிரே நிற்பவர் பேசுவது கேட்காது. கல் தாண்டிப் போகிற இடங்களில் வாத்து மாமா, "ஜோடி ஜோடியா கையப் புடிச்சுக்கங்க" என்று பின்னாலிருந்து கத்துவார், நானும் அம்மாவும் கையைப் பிடித்துக்கொள்வோம். இந்த வயதில் அவள் கையைப் பிடிக்க எனக்கு ஒரு டிரைவரின் உத்தரவு தேவைப்பட்டது, இதை யாரிடமும் சொல்லாதே.

ஓர் அகலப் பாறையில் உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் அம்மா நிதானமாக அவரைப் பார்த்தாள். கவுண்டரில் உட்கார்ந்த மூளை இல்லையா. வண்டி எங்கே என்று கேட்டாள். "மேலே பத்திரமா பூட்டி வெச்சிருக்கேன்மா" என்று சாவியைத் தூக்கிக் காட்டினார். கீழ் முனைக்கு யார் கொண்டுவருவது என்றாள். "நான்தாம்மா" என்றார். "நீங்க இங்க ரொட்டி தின்னுட்டு இருக்கீங்களே" என்றாள். அவர் ரொட்டியைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையைக்கூட ஆளிடம் ஒப்படைக்காமல் இறக்கிவிட்டுப் போனதில்லையாம். "வாசல்ல ஒரு வாட்ச்மேன் நின்னிருந்தாக்கூடப் போதும்மா, கையில புடிச்சுக் குடுத்துட்டுப் போயிருப்பேன். அங்க ஒரு ஆடுதாம்மா நின்னுச்சு" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. அம்மா என்னைப் பார்த்து, நீங்களாவது கேட்டிருக்கக் கூடாதா என்றாள். பையை அவர் சுமந்தார், அதனால் கேட்கவில்லை என்ற உண்மையைச் சொன்னேன். வண்டி பேசச் சொன்னால் பேசாமல் இருந்திருக்கிறீர்கள் என்றாள்.

அப்போது சரியாக நடுவில் இருந்தோம், திரும்பினாலும் அதே தூரம், போனாலும் அதே தூரம். திரும்பிவிடலாம், மேலே வண்டியாவது இருக்கிறது என்றேன். அம்மா உதடு வெளுத்திருந்தது, ஒரு கையை வயிற்றில் வைத்திருந்தாள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் இருட்டில் வண்டியில்லாமல் நின்று இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்றுதான் அப்படிச் சொன்னேன். வாத்து மாமா, தான் தனியாகத் திரும்பி ஓடிப்போய் வண்டியைக் கொண்டுவருவதாகச் சொன்னார். அதற்கு முதலில் எங்களை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும் என்று அவருக்கே ஞாபகம் வந்து மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். அம்மா ரொட்டித் துணுக்கை உதறிவிட்டு எழுந்தாள். "இடுக்குக்குப் பாதி டிக்கெட்னு நான் ஒருத்தருக்கும் குடுத்ததில்ல. வண்டி இல்லாட்டிப் போகுது, அந்தப் பக்கம் வெளிய வந்துட்டு ரோட்டுலயே உட்கார்ந்துக்கறேன்" என்று நடக்கத் தொடங்கிவிட்டாள். சாயங்காலம் என் கட்டைவிரல்கள் உயிரை வாங்கின. தூங்கிவிட்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்துப் பழக்கம் உண்டு என்று வாத்து மாமா என்னைத் தூக்க வந்தார். அம்மாவை அல்ல, என்னை. வேண்டாம் என்று கும்பிட்டேன்.

வெயில் மஞ்சளாகிற நேரத்தில் பாறை இரண்டும் விலகி, வானம் சட்டென்று அகலமாகி, வெளியே வந்தோம். நான் எதையும் பார்க்கவில்லை, அம்மா முகத்தைத்தான் பார்த்தேன். எனக்கு வர்ணிக்க வராது. வருஷக்கணக்கில் மங்கலாகப் பார்த்தவர்களுக்குச் சரியான லென்ஸைப் போட்டுவிட்டால், எதிர்க்கடைப் பலகையை முதல் தடவையாகப் படிப்பார்கள் பார், அப்போது ஒரு முகம் வரும், அந்த முகம். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள், பிறகு ஷூவைக் கழற்றிவிட்டுச் சொன்ன வாக்குப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ரோட்டில் வெகுநேரம் ஒரு காக்கைகூடப் போகவில்லை. பிறகு வந்தது ஒரு மெத்தை லாரி, மேல் முனையில் புதிதாகக் கட்டிய விடுதிக்கு மெத்தை கொண்டுபோகிறதாம். வாத்து மாமா நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றார், பள்ளி வேனுக்காகப் போக்குவரத்தை நிறுத்துகிற பழக்கம். லாரிக்காரரிடம் எங்களைக் காட்டி, "ரெண்டு பேர், ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, எண்ணிக்கங்க" என்று முறைப்படி ஒப்படைத்துவிட்டு, தானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். நாங்கள் பின்னால். பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தைகள் அடுக்கடுக்காக இருந்தன, புரண்டால் கீச்சுக் கீச்சென்று சத்தம். அம்மா காலை நீட்டிப் படுத்து, வாழ்க்கையில் இவ்வளவு உசத்தியான வண்டி யாரும் பேசிக் கொடுத்ததில்லை என்றாள். கேலியா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்படியே சுற்றுப்பாதையில் போய் வேனை எடுத்து, பாட்டுக்கு மறுபடியும் எண்ணிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.

அந்த லாரியில் படுத்துக்கொண்டு அம்மா சொன்ன ஒன்றை எழுத வேண்டும். ஆபரேஷன் விஷயத்தை உனக்கு முழுசாக எழுதச் சொன்னாள். "ஆனா வான்னு மட்டும் எழுதாதீங்க. இப்பத்தான் அவளுக்கு அங்க ஒரு நிலையான வேலை அமைஞ்சிருக்கு, பதறியடிச்சு ஓடி வந்துடுவா" என்றாள். சரி என்றேன். ஆகவே நான் வா என்று எழுதவில்லை, கடிதத்தை முதலிலிருந்து தேடிப் பார், அந்த வார்த்தை உனக்காக ஓரிடத்திலும் இருக்காது. நடந்ததைத்தான் எழுதியிருக்கிறேன்.

உன் கண்ணாடிப் பவரை இந்த வருஷம் கட்டாயம் பரிசோதித்துக்கொள், அங்கே மாற்றாதே, நம்பரை அனுப்பு, நானே தேய்த்து அனுப்புகிறேன். இராத்திரி கண் விழிக்காதே. எந்தக் குறையும் இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நீண்ட ஆயுளோடு நன்றாக இரு என்று நானும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம்.

அவளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகு அந்தக் கதவுக்கு வெளியே தனியாக உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியம் இல்லை என்பதை, லாரியில் நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா