ஒப்பாரியில் ஒரு முள்

தேவாரம்,
12.5.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி ராஜாராம் வணங்கி எழுதுவது. மதினியின் கால் வீக்கம் வற்றியதா? கல்லூரி விடுமுறை. மதுரையிலிருந்து நேரே அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே இன்னும் கோடைமழை இல்லை. மேலே ஏலத்தோட்டத்தில் பெய்ததா?

செய்தி இதுதான். நேற்று நம் வீரலட்சுமி பெரியவளாகிவிட்டாள். தாழ்வாரத்து மூலையில் சாக்கு விரித்து உட்கார வைத்திருக்கிறார்கள். தாய்மாமன் வந்து ஓலைக்குடிசை கட்ட வேண்டும். நீங்கள் வரமாட்டீர்கள் என்று ஊரே சொல்கிறது. காரணம், தை மாதம் அம்மா செத்த அன்று அக்கா பாடிய ஒப்பாரி.

"ஏலக்கா மணக்குதம்மா எங்கண்ணன் மேட்டு வீடு
ஏறி வந்தா தங்கச்சின்னு எலந்தமுள்ளு வெட்டிப் போட்டான்."

நீங்கள் கூட்டத்தின் நடுவே எழுந்து, "அது பன்னிக்குப் போட்ட வேலி! இவள எந்தப் பய தடுத்தான்?" என்று கத்தினீர்கள். அழுதுகொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் அதிகம் சுட்டிருக்கும். மறுநாள் சாம்பல் அள்ளிப் பால் ஊற்றும் காடாற்றுக்குக்கூட நிற்காமல் ஜீப் ஏறிவிட்டீர்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அதே பாட்டில் அக்கா அம்மாவைத் தங்கக் கட்டிலில் கிடத்தினாள். அம்மா கிடந்தது கயிற்றுக் கட்டில். அதிலும் ஒரு கால் ஆடும். உங்களை ஏழு மலைக்கு ராசா என்றாள். உங்களுக்கு இருப்பது மூன்று ஏக்கர். அப்போதெல்லாம் நீங்கள் எழுந்து மறுக்கவில்லை.

இத்துடன் முடித்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். உவமை, உருவகம், உயர்வு நவிற்சி. வகுப்பில் படித்தது. பாட்டில் வந்த முள்ளுக்கு யாராவது கோபிப்பார்களா என்று எழுதிவிட நினைத்தேன். எதற்கும் அக்காவிடம் கேட்டேன், சும்மா பாட்டுக்குத்தானே பாடினாய் என்று.

"சும்மா பாடுறதுக்கா எங்காத்தா செத்தா?" என்றாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எழுத ஓடவில்லை. யோசித்தேன்.

நீங்கள் மேலே வீடு கட்டிச் சில வருஷம் ஆகிறது. காய் எடுப்புக்குச் சொந்தமெல்லாம் ஏறி வருகிறது. நானும் வந்து தின்றிருக்கிறேன். அக்காவை ஒரு தடவை, வந்து இருந்துட்டுப் போ தாயி என்று கூப்பிட்டீர்களா? வேலி பன்றிக்குத்தான். அக்காவை நிறுத்த அதுகூடத் தேவைப்படவில்லை.

இதை நேரே கேட்க அவளால் முடியாது. தங்கச்சி அண்ணனைக் கேள்வி கேட்பது நம் வீட்டில் இல்லை. செத்தவள் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கலாம். முள்ளை வைத்துக் கேட்கலாம்.

நீங்கள் மட்டும் என்ன? ஜீப் ஓட்டும் மொக்கையனிடம் சொல்லி அனுப்பினீர்களே, "ஆத்தாளோட சேத்து அவளையும் எரிச்சாச்சு" என்று. நான் அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணனுக்கு இவ்வளவு வலித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அக்காவிடம் சொல்லவும் இல்லை. உங்கள் பேச்சை நான் கேட்ட மாதிரி அவள் பாட்டை நீங்கள் கேட்டுப் பாருங்கள் அண்ணே. வேறு ஒன்றும் இல்லை.

உக்கிரபாண்டி மச்சான் காலையிலேயே தென்னங்கீற்று வெட்டி வாசலில் போட்டுவிட்டார். நானும் மாமன்தானே என்று ஒன்றை எடுத்து முடையப் போனேன். அக்கா கையிலிருந்து பிடுங்கிவிட்டாள். "அண்ணன் உசுரோட இருக்கையில நீ தொடாதடா" என்றாள்.

உங்களைக் கூப்பிடு என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. அதனால் நானும் கூப்பிடவில்லை. இங்கே வெயில் கடுமை. பச்சைக் கீற்று காய்ந்துகொண்டிருக்கிறது.

வணக்கத்துடன்,
தங்கள் தம்பி
ராஜாராம்