அண்ணி முறை மாறாது

குஜிலியம்பாறை
மாசி 12, 1988

அன்பு மகன் முத்துக்கிருஷ்ணனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் அண்ணி மாலதியும் மாரியாத்தா புண்ணியத்தில் சுகம். பம்பாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். இந்த வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது, கடலை பாதிக்குப் பாதிதான் வீடு வந்தது, செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. உன் கடிதம் கிடைத்தது. படித்த கோபத்தில் அடுப்பில் குழம்பு அடிப்பிடித்ததுகூட எனக்குத் தெரியவில்லை. சுருளி மாமா எழுதியபடி அண்ணியைக் கட்டிக்கொள்ளச் சம்மதம், குடும்பத்துக்காகச் செய்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே, உன்னிடம் நான் கேட்டேனா?

நடந்ததைச் சொல்கிறேன். செம்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் முத்துச்சாமி, நம்ம சனம்தான், தாரம் தவறியவர், மாலதியைக் கேட்டு ஆள் அனுப்பினார். பட்டாளத்தில் உன் அண்ணன் பனிமலைக் காவலில் உயிரை விட்டு நாலு வருஷம் ஆகிறது, அவளும் சின்னவள், முகம் கோணாமல் சரி என்றாள், எனக்கும் சந்தோஷம். அதற்குள் என் தம்பி சுருளிவேல் பட்டாளத்து ஆபீஸில் விசாரித்துவிட்டு வந்தான். வெளியாளைக் கட்டினால் அவள் பென்ஷன் நின்றுவிடுமாம், செத்தவன் கூடப்பிறந்தவனைக் கட்டினால் நிற்காதாம், சட்டமே அப்படித்தானாம். அடுத்த வெள்ளிக்கிழமையே தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு உன் பெயரைச் சொல்லிப் பூ வைக்க வந்துவிட்டான். உன் அப்பாவும் தலையாட்டினார், வாயில் வெற்றிலை இருந்ததால் பேசவில்லை என்று பிறகு சாக்குச் சொன்னார். மாலதிதான் உள்ளேயிருந்து வந்து உன் அப்பாவைப் பார்த்து, “மாமா, வாக்கப்பட்டு வந்த நாளா அந்தப் புள்ளைக்கு ஆத்தா ஸ்தானத்துல சோறு போட்டிருக்கேன். பென்சனுக்காக முறையை மாத்தச் சொல்றீகளா?” என்றாள். நான் தாம்பாளத்தை எடுத்து உன் மாமன் கையிலேயே கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொண்டு போனவன் இன்னும் வரவில்லை. வந்தால் காப்பி உண்டு, சம்மதம் கிடையாது.

மனசு ஆறாமல் திண்டுக்கல்லில் பட்டாளத்துக் குடும்பங்களுக்குக் குறை கேட்கும் கூட்டத்துக்கு, இந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லி மனு எழுதிக்கொண்டு போனேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷர்தான், வடக்கே சில சனங்களில் கொழுந்தனைக் கட்டுவது வழக்கம், அதை வைத்து எழுதியிருப்பார்கள் என்றார். அவர்கள் வழக்கம் அவர்களோடு இருக்கட்டும், அண்ணியை ஆத்தாளாக நினைக்கிற ஊரில் ஒருத்தியையாவது கேட்டு எழுதினார்களா என்றேன். மாற்றுவது டெல்லிக்காரர்கள் வேலை என்றார். “அப்பன்னா டெல்லிக்கு எழுதுங்கய்யா. எம்மகன் உசுரக் குடுத்ததுக்குத்தானே பென்சன்? இவ யாரோட வாழுறாங்கிறதுக்கா குடுக்குறீக?” என்று கேட்டுவிட்டேன். சாணார்பட்டி இன்னாசியம்மாள், இந்தச் சட்டத்துக்குப் பயந்தே வந்த வரனைத் திருப்பி அனுப்பியவள், எழுந்து வந்து என் மனுவில் கைநாட்டு வைத்தாள். அதைப் பார்த்து மற்றப் பெண்களும் வைத்தார்கள். சட்டம் மாறும்போது நான் இருப்பேனோ என்னவோ, கால் நடக்கிறவரை ஒவ்வொரு கூட்டத்துக்கும் போவேன்.

பென்ஷன் நின்றால் கஷ்டம்தான், மறைக்கவில்லை. வானத்தைப் பார்த்து விதைக்கிற நமக்குக் கஷ்டம் புதுசா? மாலதியைப் பூட்டி வைத்துக் குடிக்கிற கஞ்சி என் தொண்டையில் இறங்காது. உன்னையும் அதற்கு விற்க மாட்டேன். நீ எங்கள் மேல் வைத்த பாசம் புரிகிறது, அதை நினைத்துத்தான் அழுதேன், சம்மதித்ததற்குத்தான் திட்டுகிறேன்.

கடையில் எண்ணெய்ப் பலகாரம் தின்னாதே, உனக்கு ஆகாது. மாரியாத்தா உனக்குத் துணையிருப்பாள், நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். வைகாசியில் மாலதிக்கும் முத்துச்சாமிக்கும் கல்யாணம். அவளுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வர மச்சினன் வேண்டும். இப்போதே லீவு கேட்டு வை, அப்பு. மாலை உன் கையில் இருக்க வேண்டும், கழுத்தில் அல்ல.

இப்படிக்கு,
உன் அம்மா
மா. காளியம்மாள்