ஜரீனா வரைந்த பாதை

ஏப்ரல் 1989, ஞாயிறு இரவு. தாராவி.

மகள் ஜரீனாவைப் பெண் பார்க்க இன்று விக்ரோலியிலிருந்து வந்திருந்தார்கள். பூமிக்குப் பக்கத்தில் வந்துபோன விண்கல்லைப் பற்றிப் பேச்சு வந்தது. "அடுத்த தடவ நம்ம தலையிலதான் விழும்" என்றார் மாப்பிள்ளையின் வாப்பா. சாயா கொண்டுவந்த ஜரீனா நின்றாள்.

"இல்ல மாமா, அதுவும் சூரியனத்தான் சுத்துது. அதோட பாதை நம்ம பாதையக் குறுக்க வெட்டுது. ரெண்டும் ஒரே நேரத்துல அங்க வந்தாத்தான் இடிக்கும்."

"பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு பேச்சு ஆகாது. காலேஜ நிறுத்திருங்க" என்றார் அவர் என்னிடம்.

"படிப்ப நிறுத்த மாட்டேன் பாய். இந்தப் பேச்ச நிறுத்திக்கிடுவோம்" என்றேன்.

அவர்கள் போனதிலிருந்து மனைவி என்னோடு பேசவில்லை. ஊரில் என்ன சொல்வார்களோ. ஆனாலும் நெஞ்சு நிறைந்திருக்கிறது. அந்தப் பாதையை எனக்கும் காட்டச் சொன்னேன். ஜரீனா சாக்பீஸால் தரையில் ஒரு வட்டமும் அதை வெட்டும் நீள்வட்டமும் வரைந்தாள். காலையில் தரை துடைக்கும்போது அதை அழித்துவிட வேண்டாம் என்று சொல்ல, மனைவியிடம் நான்தான் முதலில் பேச வேண்டும்.