பதினோராம் நிமிடத்துத் துணி

ஜூன் 21, புதன். டுபுக், அயோவா

இன்று பதினேழு ஜிப்பு. இந்தப் பிள்ளைகள் கால்சட்டையைப் போடுகிறார்களா, அதோடு மல்லுக்கு நிற்கிறார்களா, தெரியவில்லை. பள்ளிக்கூட ஜிம்மில் ஒரு மூலையில் என் தையல் மெஷின். மீதி இடம் முழுக்க நூற்றைம்பது காற்று மெத்தை, ஈரத் துண்டு, நாற்றம். மைதானத்தில் அணிவகுத்து டிரம் அடித்து, ஊதி, கொடி வீசிப் போட்டியிடுகிற எங்கள் குழுவுக்கு ஆகஸ்டு வரை ஊர் ஊராக இதுதான் வீடு.

மார்செல்லா சமையல் லாரியிலிருந்து முட்டையும் உருளைக்கிழங்கும் கொண்டு வந்தாள். "தின்னுடி. நீ இளைக்கிற வேகத்துக்கு, பாவாடை நழுவி விழுந்தா அதையும் பதினெட்டாவதா நீயேதான் தைக்கணும்."

சிரித்தேன். வருஷா வருஷம் இந்தக் குழுவின் நிகழ்ச்சியை வரைந்து தந்த என் வீட்டுக்காரர் ஓரின் போனதற்கு அப்புறம் என்னிடம் வழக்கம்போல் பேசுகிறவள் இவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் தூங்குகிற குழந்தை பக்கத்தில் நடக்கிற மாதிரி நடக்கிறார்கள்.

ஜூன் 24, சனி

முதல் மதிப்பெண். ஆறு குழுவில் ஐந்தாவது. ஆறாவதாக வந்த குழுவுக்கு இது முதல் வருஷம், பாவம், அவர்களில் பாதிப் பேர் மைதானத்தில் திசை தெரியாமல் போனார்கள்.

டிரம் அடிக்கிறவர்கள் நன்றாகத்தான் அடித்தார்கள். ஊதுகிறவர்களும். ஏன் ஐந்து?

ரென்னி பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு நடுவர்களின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தான். நம் பிள்ளைகள் ஆடும்போது ஒவ்வொரு நடுவரும் மனதில் பட்டதைப் பேசிப் பதிவு பண்ணிக் கொடுப்பார்கள். அதைக் கேட்டுத்தான் குழுக்கள் தினமும் எதையாவது மாற்றும். நான் பக்கத்தில் போனதும் அவன் அதை நிறுத்திவிட்டான்.

"என்னடா சொல்றாங்க?"

"நல்லாத்தான் சொல்றாங்க மிசஸ் டி. தண்ணி குடிச்சீங்களா?"

ஓரினிடம் டிரம் கற்ற பையன். இன்றைக்கு முப்பத்துநாலு வயது, நிகழ்ச்சி முழுக்க அவன் பொறுப்பு. பொய் சொல்ல மட்டும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

ஜூலை 1, சனி

வண்டிகள் நிற்கிற இடத்தில் தாட் ப்ரூயிட் எதிரே வந்தார். ஓரினோடு இருபத்தாறு வருஷம் மீன் பிடித்தவர். பிப்ரவரியில் அவருடைய சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவர். இன்று அந்நியருக்குத் தலையசைப்பது போல் அசைத்துவிட்டுப் போய்விட்டார்.

மார்செல்லாவுக்குக் கோபம். "ஒரு ஹலோ சொன்னா அந்தாளு நாக்கு அழுகிடுமா?"

"அவர் நடுவர்டி. போட்டி முடியிற வரைக்கும் யார்கிட்டயும் பேசக் கூடாது. அதுதான் முறை."

எனக்குப் புரியும். ஓரின் இருந்தபோதும் ஜூன் வந்தால் இரண்டு பேரும் ஒருத்தர் இல்லாதது போல் ஒருத்தர் நடந்துகொள்வார்கள். செப்டம்பரில் படகில் ஏறி, விட்ட பேச்சைத் தொடர்வார்கள்.

புரியும். ஆனாலும் வலித்தது.

ஜூலை 4, செவ்வாய்

காலையில் நாலு மைல் சுதந்திர தின ஊர்வலம். தார் ரோட்டில் ஒன்பது ஷூ அடிப்பாகம் பெயர்ந்தது. பசை தீர்ந்துவிட்டது. தர்ப்பூசணி தீரவில்லை.

ஜூலை 8, சனி. ராக்ஃபோர்ட்

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

கருவிகள் ஏற்றுகிற டிரெய்லருக்கு ஊசி டப்பா எடுக்கப் போனேன். ரென்னி போனைப் பெட்டி மேல் வைத்துவிட்டு எங்கேயோ போயிருந்தான். அது பேசிக்கொண்டே இருந்தது. தாட் குரல். பின்னால் நம் டிரம் சத்தம். கடைசி நிமிடம்.

"காத்திட்டிருக்கேன்... இன்னும் காத்திட்டிருக்கேன்... துணி வருது. பெரிய துணி. சரி. பிள்ளைங்க எங்க? பிள்ளைங்களைக் காணோம். இன்னும் துணிதான்."

துணியாம்.

அது பனி. எங்க ஊர் ஏரி டிசம்பர்ல மூடிக்கிற மாதிரி, பதினோராவது நிமிஷத்துல மைதானத்து மேல வெள்ளையா வந்து மூடும். பிள்ளைங்க எல்லாரும் அதுக்கு அடியில போயிடுவாங்க. ஒரு மரிம்பா, அந்த மரக்கட்டை வாத்தியம், மட்டும் மெல்ல வாசிக்கும். அவ்வளவுதான், நிகழ்ச்சி முடிஞ்சுது. ஓரின் போட்ட கடைசி முடிவு அது. ஆஸ்பத்திரிக் கட்டில்ல சாஞ்சுக்கிட்டு அவர் காகிதத்துல புள்ளி வைப்பார், ஒரு புள்ளி ஒரு பிள்ளை. நான் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்து ஓரம் அடிப்பேன். கையால. அங்க மெஷின் வைக்க விடல. அத்தனை கஜமும் கையால.

துணியாம்! வாய் கூசல அந்த மனுஷனுக்கு?

ஜூலை 11, செவ்வாய்

மாலை புயல் வரும் என்றார்கள். போட்டியை மதியத்துக்கு மாற்றிவிட்டார்கள். நாலரைக்கெல்லாம் எல்லாம் முடிந்தது. அப்புறம் நடுவர் சந்திப்பு: ஒரு வகுப்பறையில் நடுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஒவ்வொரு குழுவின் பயிற்சியாளர்களும் போய் ஏன் இந்த எண் என்று கேட்கலாம். ஒரு நடுவருக்கு எட்டு நிமிடம். தையல்காரிக்கு அங்கே வேலை கிடையாது.

போனேன்.

வாசலில் ஒரு பெண், "பேட்ஜ் இருக்கா?" என்றாள். மணிக்கட்டில் கட்டியிருந்த ஊசிப் பஞ்சைக் காட்டினேன். என்ன நினைத்தாளோ, வழி விட்டாள். ரென்னி என்னைப் பார்த்ததும் வெளுத்துப்போனான்.

உட்கார்ந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அவர்கள் பேசுகிற பெரிய வார்த்தையெல்லாம் எனக்கு வராது. நேராகக் கேட்டேன்: "என் துணியில என்ன குறை?"

தாட் என் முகத்தைப் பார்க்காமல் தன் தாளைப் பார்த்தார். "துணியில குறையே இல்ல, மிசஸ் டாபர்ட்."

மிசஸ் டாபர்ட்! என் வீட்டு அடுப்பில் காபி போட்டுக் குடிக்கிற மனுஷர்!

"தைச்சது அருமை. ஆனா நான் எண் போடுறது பிள்ளைங்களுக்கு. கடைசி நாற்பது வினாடி அவங்க எங்க?"

"அடியில."

"அடியில என்ன பண்றாங்க?"

"தவழ்றாங்க. மூச்சு முட்ட, முட்டி தேயத் தவழ்றாங்க. அந்த முட்டிக்கெல்லாம் ஒட்டுப் போடுறது நான்தான்."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்க்கலையே." பேனாவை வைத்தார். குரல் மாறியது. "ஆர்லிஸ், நீ என்னைக்காவது மேலே இருந்து பார்த்திருக்கியா?"

எட்டு நிமிடம் முடிந்தது என்று யாரோ மணி அடித்தார்கள். அடுத்த குழு பின்னால் நின்று இருமியது.

ஜூலை 12, புதன்

பார்த்ததில்லை.

இருபத்தொன்பது வருஷம். ஒரு தடவை கூட இல்லை. நான் எப்போதும் ஓரக்கோட்டில், கொடிகளுக்குப் பின்னால், நூலும் ஊசியுமாக நிற்பவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்தான். நல்ல முதுகுகள். ஒவ்வொன்றின் அளவும் மனப்பாடம்.

ஜூலை 15, சனி. மின்னசோட்டா

மார்செல்லாவை இழுத்துக்கொண்டு மேல் வரிசைக்கு ஏறினேன். நூற்றுப் பதினாலு படி. "எனக்கு மாரடைச்சா உன் மேல வழக்குப் போடுவேன்" என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டே வந்தாள்.

பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். கடவுளே. புள்ளிகள்! ஓரினின் காகிதம் அப்படியே எழுந்து நடந்தது. ஒரு வட்டம் உடைந்து மூன்று வட்டம் ஆனது, மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளியே வந்தன, ஒருத்தர் மேல் ஒருத்தர் மோதவில்லை. இத்தனை வருஷம் இந்த மனுஷர் சாப்பாட்டு மேசையில் குனிந்து உட்கார்ந்து செய்தது இதுவா! நான் வேறு குழம்பு ஆறுகிறது என்று திட்டினேனே.

மார்செல்லா வாயில் போட்ட பாப்கார்னை மென்று முழுங்க மறந்துவிட்டாள்.

அப்புறம் பதினோராவது நிமிடம். துணி வந்தது. என் துணி. ஒரு சுருக்கம் இல்லாமல் வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக அடியில் போனார்கள். மரிம்பா வாசித்தது. எதிரே ஒரு பெரிய வெள்ளை.

நான் பிள்ளைகளைத் தேடினேன். இடது பக்கம் பார்த்தேன். வலது பக்கம் பார்த்தேன். எப்போ வருவாங்க? எனக்கு முன் வரிசையில் ஒருத்தர் எழுந்து கழிப்பறைக்குப் போனார்.

நாற்பது வினாடி அவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

"ஓரின்," என்றேன், வாய் விட்டு. "இது நல்லா இல்லப்பா."

அவரிடம் குறை சொல்லி எத்தனை மாதம்! வாரத்துக்கு நாலு சொல்வேனே. அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. மார்செல்லா பாப்கார்னை நீட்டினாள்.

ஜூலை 16, ஞாயிறு

ரென்னியைச் சமையல் லாரிக்குப் பின்னால் பிடித்தேன்.

"எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

"என்ன மிசஸ் டி?"

"முடிவு சரியில்லன்னு."

ஷூவைப் பார்த்தான். "மே மாசத்துலேர்ந்து."

"மே மாசமா! ஏண்டா மாத்தல?"

"மாத்தி எழுதி வச்சிருக்கேன். பையிலதான் இருக்கு. டிரம் சொல்லித்தர்றவங்க, கொடி சொல்லித்தர்றவங்க, எல்லாருக்கும் தெரியும். ஆனா உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு யார் சொல்றது? நீ சொல்லு, நீ சொல்லுன்னு ரெண்டு மாசமா தள்ளிக்கிட்டே இருக்கோம்."

"மடையா. ஓரின் எந்த முடிவையாவது ஜூலை நாலுக்கு மேல விட்டு வச்சிருக்காரா? ஒரு வருஷம் அஞ்சு தடவை மாத்தினார். அஞ்சு தடவையும் நான் கொடியப் பிரிச்சுத் தைச்சேன்."

"தெரியும். ஆனா அப்ப மாத்தினது அவர். இப்ப நான்."

லாரிச் சக்கரத்தில் ஒட்டியிருந்த சேற்றை ஷூவால் தட்டிவிட்டேன்.

அப்புறம் பெரிய மனசோடு சொன்னேன்: "சரி. துணிய வெட்டி எழுபது கொடி பண்ணித் தர்றேன். புது முடிவுல பிள்ளைங்க கையில பிடிக்கட்டும்."

அவன் கழுத்தைச் சொறிந்தான். "அது வந்து... புது முடிவுல துணியே கிடையாது மிசஸ் டி. எல்லாரும் ஓடி முன்னால வந்து நின்னு அடிக்கிறாங்க, ஊதறாங்க. அவ்வளவுதான்."

லாரிக்குள்ளே மார்செல்லா பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அரை நிமிடம் கழித்து நானும்.

ஜூலை 19, புதன்

புது முடிவு பழகுகிறார்கள். கூத்து. கொடிக்காரப் பெண் ஒருத்தி தவறான பக்கம் ஓடி டியூபா என்கிற பெரிய பித்தளை ஊதுகுழல்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டாள். நாலு டியூபாவும் அவளுக்கு வழி விடத் திரும்பி அவளையே இடித்தன. நன்றாகத்தான் இருக்கிறாள்.

துணியை மரத்தடியில் விரித்து மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். ரென்னி பார்த்துவிட்டு ஓடிவந்தான், எழுந்திருங்க எழுந்திருங்க என்று. வேண்டாம் என்றேன். தரையில் எறும்பு.

கடுகுச் சாஸ், ஊதாச் சாறு, புல் கறை. முதல் கறைக்கு ஈரத் துண்டைத் தேடினேன். ஆறாவதில் எண்ணுவதை விட்டேன்.

ஆகஸ்டு 11, வெள்ளி. இண்டியானாபொலிஸ்

பதின்மூன்றாவது இடம்.

முதல் பன்னிரண்டு குழுக்கள்தான் நாளை இறுதிச் சுற்றில் ஆடும். நமக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவில் அரைப் புள்ளி கூட இல்லை. ஜூன் மாதமே மாற்றியிருந்தால் — பிள்ளைகள் அந்த ஓட்டத்தை இன்னும் நாலு வாரம் பழகியிருந்தால் —

ரென்னி "என் தப்பு" என்றான். "என் தப்பு" என்று நான் சொன்னேன். இரண்டு பேர் தப்பும்தான். மரியாதை மரியாதை என்று பிள்ளைகளின் நாலு வாரத்தைத் தின்றுவிட்டோம். கடைசி வருஷக்காரர்கள் பதினெட்டுப் பேர். குழுவில் இருக்கும் வயது வரம்பு முடிந்தது, இனி அவர்களுக்கு அடுத்த வருஷம் கிடையாது. ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு மிசஸ் டி?" என்று கேட்டு என்னையே கட்டிக்கொண்டார்கள். அழுதார்கள். அழுதுகொண்டே அறுபது பிட்சாவை முடித்தார்கள்.

இன்றும் மேல் வரிசையில் இருந்துதான் பார்த்தேன். கடைசியில் நூற்றைம்பது பேரும் நேராக என்னைப் பார்த்து ஓடிவந்தார்கள். முகங்கள். வியர்வை, பல், எல்லாம். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். நானும் கத்தினேன். தொண்டை போய்விட்டது.

நவம்பர் 18, சனி

அடுத்த வருஷ நிகழ்ச்சிக்கு முதல் கூட்டம், ரென்னி வீட்டுச் சமையலறையில். வேலை ஆட்கள் பட்டியலில் என் பெயரை எழுதியிருந்தான். மைதானத்தை மேலே இருந்து பார்த்து, அலுப்பு தட்டுகிற இடத்தைச் சொல்வது என் வேலை. தையலும் உண்டு.

முதல் இரண்டு பாட்டும் சரி. மூன்றாவதில் டிரம் அடிக்கிறவர்களை முதுகைக் காட்டி ஒரு நிமிடம் நிறுத்துகிறான். வேண்டாம் என்றேன். அதில் ஒரு அர்த்தம் இருக்கிறது என்றான். அர்த்தம் இருக்கட்டும், நான் எழுந்து கழிப்பறைக்குப் போய்விடுவேன் என்றேன்.

மேசையில் ஓங்கித் தட்டினான். காபி கொட்டியது. "எதைக் காட்டினாலும் கழிப்பறைக்குப் போறேங்கறீங்க! உங்களுக்கு என்னதான் வேணும்?"

"முகம் வேணும்டா!"

"எப்பப் பார்த்தாலும் முகம்!"

"ஆமா, எப்பப் பார்த்தாலும்!"

அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ஒரு மணி நேரம் கத்தினோம். ஒன்றும் முடிவாகவில்லை. கிளம்பும்போது அவன் என் கோட்டை எடுத்துக்கூடக் கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடி போகிறேன். இதில் நான் சொல்வதுதான் சரி.