சித்தம் தெளிவென்று எழுதிச் சிறையில் வைத்த என் மனைவிக்கு வைத்தியம் வேண்டி

அனுப்புபவர்:
செ. நாச்சிமுத்து,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியர்,
நெசவாளர் தெரு, கொட்டாய்வலசு கிராமம், சேலம் ஜில்லா.

பெறுபவர்:
கனம் ஜில்லா கலெக்டரும் ஜில்லா மாஜிஸ்திரேட்டுமான துரையவர்கள்,
சேலம்.

பொருள்: தற்கொலை முயற்சி வழக்கில் சப் ஜெயிலில் இருக்கும் என் மனைவி கந்தம்மாளை (வயது 49) விடுவித்து, மனநோய்க்கு வைத்தியம் பெறச் சென்னைக்கு அனுப்ப உத்தரவு வேண்டுதல்.

மேன்மை தங்கிய ஐயா,

1. முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் நான். எதையும் முதலிலிருந்து சொல்லியே பழக்கம். மனு சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

2. என் மனைவி தறிக்கு ஊடைநூலைத் தாராகச் சுற்றுவதில் எங்கள் தெருவிலேயே வேகமான கை உடையவள். சென்ற மார்கழியில் ஒருநாள் ராட்டையின் முன் உட்கார்ந்தவள், நூலைத் தொடாமலே எழுந்துவிட்டாள். பிறகு உணவு குறைந்தது. உறக்கம் போயிற்று. என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்க, கை இருக்குது, சுத்தோணும்னுதான் தோண மாட்டேங்குது" என்றாள். வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை. காரணம் என்னவென்று கேட்காதவர் ஊரில் இல்லை. குளிர்காய்ச்சலில் நடுங்குகிறவனிடம் "உனக்கு வீட்டில் என்ன குறை?" என்று யாரும் கேட்பதில்லை. இந்த நோய்க்கு மட்டும் நோயாளியே பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

3. எனக்குத் தெரிந்த வைத்தியங்களை எல்லாம் பார்த்தேன். நாட்டு வைத்தியர் மூளைச் சூடு என்று சொல்லி, தை மாதக் குளிரில் தினம் ஐம்பது குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றச் சொன்னார். மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பூசாரி வேப்பிலையால் அடித்தார். அவள் அழக்கூட இல்லை. அழாததால் பேய் பெரியது என்றார். ஆனால் அந்தக் கோயிலில் தங்கிய பத்து நாளும் மற்றப் பெண்களோடு படுத்து, ஓரளவு உறங்கினாள் என்பதையும் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியில் கசப்பு மருந்து ஒரு புட்டி கொடுத்து, "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு இப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே புதிதாக வந்த சின்ன டாக்டர் ஒருவர் மட்டும் உட்கார வைத்துப் பேசினார். இதற்கு மெலங்கோலியா என்று பெயர் உண்டென்றும், ஓய்வும் உறங்க மருந்தும் இரவு பகல் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால் பலர் தேறுகிறார்கள் என்றும், அதற்குச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிதான் இடமென்றும் சொன்னார். அங்கே சேர்க்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.

4. ஜூன் 3-ம் தேதி எங்கள் பகுதி சப் மாஜிஸ்திரேட் முன் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஊர், பேர், கிழமை கேட்டார்கள், சரியாகச் சொன்னாள். பன்னிரண்டெட்டு எவ்வளவு என்றார்கள், தொண்ணூற்றாறு என்றாள். அடிப்பாயா, துணி கிழிப்பாயா, தெருவில் ஓடுவாயா என்றார்கள், இல்லை என்றாள். குமாஸ்தா என்னைப் பார்த்து, "ஏனுங்க வாத்தியாரே, உங்க சம்சாரம் தெளிவாத்தான் இருக்கறாங்க. சர்டிபிகேட் உங்களுக்குத்தான் வாங்கோணுமாட்ட இருக்குது!" என்றார். கோர்ட்டே சிரித்தது. நானும் மரியாதைக்குச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பித்துவிட்டு, மத்தியானம் பசியில் மயங்கி விழுந்த பிள்ளைகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். வாய்ப்பாடு வயிற்றைக் காட்டாது. "சித்த சுவாதீனம் உள்ளவள், ஆஸ்பத்திரியில் சேர்க்க அவசியமில்லை" என்று எழுதி மனுவைத் தள்ளினார்கள்.

5. ஜூலை 12-ம் தேதி காலையில், நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அவள் ஊர்க் கிணற்றில் இறங்கிவிட்டாள். பக்கத்து வயலில் இருந்த சடையன் குதித்துத் தூக்கினார். கிராம முன்சீப் எழுதி அனுப்ப, போலீசார் வந்து அவளை ஈரச் சேலையோடு அழைத்துப்போனார்கள். சடையன் இப்போது சர்க்கார் தரப்புச் சாட்சி. "காப்பாத்துனதுக்குச் சாட்சி சொல்லச் சொல்றாங்களே சாமி! தெரிஞ்சிருந்தா வாயத் தொறக்காம உங்க ஊட்டுக்கே தூக்கியாந்திருப்பனே!" என்று என் காலைப் பிடித்துக்கொண்டார்.

6. அவளுக்குப் புத்தி சுவாதீனம் இல்லை, ஆகவே குற்றமில்லை என்று முறையிட்டேன். ஜூன் 3-ம் தேதிக் காகிதத்தை எடுத்து நீட்டினார்கள். வைத்தியம் மறுக்க எழுதிய அதே காகிதம் இன்று குற்றத்தை நிரூபிக்கும் ஆதாரம். நோயாளி என்று போனபோது தெளிவானவள் என்றார்கள். தெளிவானவள் என்பதால் இப்போது குற்றவாளி என்கிறார்கள். ஐயா, இந்தக் கணக்கை எந்த வகுப்பில் சொல்லித் தருகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

7. இது ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்று வக்கீல்கள் சொல்கிறார்கள். ஆனால், "வெளியே விட்டால் மறுபடியும் கிணத்துக்குப் போவியா?" என்று அவளைக் கேட்டார்கள். "தெரியலீங்க சாமி" என்றாள். பொய் சொல்லியிருந்தால் வீட்டுக்கு வந்திருப்பாள். இனி அப்படிச் செய்யமாட்டாள் என்று என்னை உத்தரவாதம் எழுதச் சொன்னார்கள். வைத்தியமே பார்க்காத நோய்க்கு நான் எப்படி உத்தரவாதம் எழுதுவேன்?

8. ஜெயிலில் அவள் ஐந்து நாள் ஒன்றும் உண்ணவில்லை. ஊட்டிவிட அனுமதி கேட்டேன், விதியில்லை என்றார்கள். அங்கே பெருமாயி என்றொரு அம்மாள், மதுவிலக்கு வந்தபின் சாராயம் காய்ச்சியதற்காக ஒரு மாதத் தண்டனையில் இருக்கிறார். அவர்தான் ஆறாம் நாள் களியைப் பிசைந்து, "இந்தா கண்ணு, இது பன்னி திங்காது, நாம திம்போம் வா" என்று வாயில் வைத்திருக்கிறார். கந்தம்மாள் சிரித்தாளாம். உண்டாள். இரவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டே அவர் படுக்கிறார். எட்டு மாதமாக நான் தேடிய வைத்தியத்தில் ஒரு பகுதியைச் செய்தவர் அவர் ஒருவரே. மருந்து அவரிடம் இல்லை.

9. தானே விரும்பி வருகிறவரைச் சென்னையில் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் வழியுண்டென்று அந்தச் சின்ன டாக்டர் இப்போது எழுதியிருக்கிறார். விருப்பம் என்பதே அற்றுப்போவதுதான் இந்நோய். இருந்தும் சென்ற ஞாயிறன்று கம்பிக்கு வெளியே நின்று கேட்டேன். "நீங்க கூட வாரதுன்னா வாரேன்" என்றாள். இதை அவளுடைய சம்மதமாகத் தாங்கள் ஏற்கவேண்டும்.

10. ஆகஸ்டு 4-ம் தேதி வாய்தா. வழக்கைக் கைவிட்டு, நான் துணையிருக்க அவளைச் சென்னைக்கு அனுப்பும்படி உத்தரவிட வேண்டுகிறேன். வாய்தா வரையில் காத்திருக்கவும் வழியில்லை. பெருமாயியின் தண்டனை வருகிற சனிக்கிழமை முடிகிறது. அந்த அம்மாளுக்கு இன்னும் ஒரு வாரம் கூடக் கிடைத்திருக்கலாகாதா என்று ஞாயிறன்று ஜெயில் வாசலில் நின்று நினைத்தேன். இன்னொருவர் சிறை நீள வேண்டுமென்று நினைத்துவிட்டேன், வெட்கத்தோடு எழுதுகிறேன். அவருக்கும் ஊரில் வீடு இருக்கிறது, போகத்தான் வேண்டும். சனிக்கிழமை காலையிலிருந்து கந்தம்மாளுக்குச் சோறு ஊட்ட அங்கே யாரும் இல்லை.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்துக் கலெக்டர் கச்சேரி வாசலிலேயே இருக்கும்,
செ. நாச்சிமுத்து

இடம்: சேலம்
தேதி: 27-7-1938